சொல்லுக்குச் சாவுத் தேதி குறித்தவர்

குரு என்றால் தாடி இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எங்கள் குருவுக்குக் காட்டன் சேலை, ஒரு ஸ்கூட்டி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. பெயர் ஹெப்சிபா. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் ஆங்கிலத் துறையில் பேராசிரியர். வயது நாற்பதுதான்.

சீடருக்கு ஐம்பத்து மூன்று. பெயர் மாசானமூர்த்தி. பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். பகுதி நேர ஆய்வு மாணவராக எங்கள் துறைக்கு வந்துபோகிறவர். குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "மேடம்" என்பார். நான் அதே அறையில் ஓரத்து மேசையில் என் ஆய்வைச் செய்வதாகப் பேர் பண்ணிக்கொண்டு இவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு இன்னும் பட்டம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

மாசானம் சாரின் ஆய்வு இதுதான். இருநூறு வருஷத்து இங்கிலாந்து எழுத்து, அதாவது செய்தித்தாள், நாவல், கடிதம், கோர்ட்டு வாக்குமூலம், பிரசங்கம், சமையல் குறிப்பு எல்லாம் கணினிக்குள் ஒரே தொகுப்பாகக் கிடக்கிறது. கார்பஸ் என்பார்கள். அதில் ஒரு சொல்லைத் தட்டினால், எந்தக் காலத்தில் அதை எவ்வளவு எழுதினார்கள் என்று திரையில் ஒரு கோடு வரும். கோடு ஏறினால் சொல்லுக்கு வாழ்வு. இறங்கினால் தாழ்வு. தரையைத் தொட்டால்?

"செத்துட்டு" என்பார் மாசானம் சார்.

கோடு தரையைத் தொட்ட வருஷத்தைச் சாவுத் தேதியாகப் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக எழுதினார். பிறந்தது எப்போது, வாழ்ந்தது எப்படி, போனது என்றைக்கு. ஆய்வேட்டின் தலைப்பு 'ஆங்கிலத்தில் இறந்த சொற்கள்'. துறையில் எல்லோரும் அவரைச் சித்திரகுப்தன் என்றோம். அவருக்கு அதில் கோபமே வராது. "கணக்குச் சரியா இருக்கில்லா, பிறகென்ன?" என்பார்.

செத்த சொல்லைத் தேடி ஒரு மனுஷன் ஏன் அலைய வேண்டும்? காரணம் இருந்தது. இளவயதில் மெட்ராஸில் ஒரு பதிப்பக வேலைக்கு நேர்முகத்துக்குப் போயிருக்கிறார். நன்றாகத்தான் பேசியிருக்கிறார். லண்டனில் படித்துவிட்டு வந்த ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "நீங்க பேசுற வார்த்தையெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு மிஸ்டர், யாரும் உங்களுக்குச் சொல்லலையா?" என்றாராம். கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்களாம். மாசானம் சார் ராத்திரி ரயிலில் ஊர் வந்து சேர்ந்தார். அந்தச் சிரிப்பும் கூடவே வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து தன் வாயிலிருந்து பழைய சொற்களைப் பிடுங்கி எறிவதே அவருக்கு வேலை. பையன்கள் கட்டுரை நோட்டில் அப்படி ஒரு சொல் வந்தால் சிவப்பு மையால் ஒரே அடி. "லண்டன்ல சிரிப்பான்" என்று பக்கத்தில் எழுதுவார். லண்டனையே பார்த்திராத பையன்கள் அதைப் படித்துப் பயப்படுவார்கள்.

இப்போது எங்கள் கல்லூரியிலேயே ஒரு வேலை காலியாக இருந்தது. உதவிப் பேராசிரியர் வேலை. ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ரசீது கையில் இருந்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். வயது வரம்பைப் பார்த்தால் மாசானம் சாருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. வாழ்நாள் முழுக்க வாத்தியார் என்று கூப்பிட்ட ஊர் ஒரு தடவையாவது புரொபசர் என்று கூப்பிட வேண்டும். அது அவர் ஆசை. அந்த ஆசையில் என்ன தப்பு?

செவ்வாய்க்கிழமை காலையில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"மேடம், அஞ்சு காப்பியும் பைண்டு பண்ணியாச்சு. டிக்கியில இருக்கு."

மேடம் இன்னும் கையெழுத்தே போடவில்லை. அதற்குள் பைண்டு. பெண் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த கதைதான். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

"சார், டிக்கி செத்துட்டுன்னு நாலாம் அத்தியாயத்துல எழுதியிருக்கீங்களே?"

எழுதியிருந்தார். காரின் பின்பக்கப் பெட்டிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது, எந்த நாவலில் கடைசியாகத் தலைகாட்டியது, எந்த வருஷம் கோடு தரையைத் தொட்டது, எல்லாம் படத்தோடு இருந்தது. ஸ்டெப்னிக்கு அடுத்த பக்கம்.

மாசானம் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் இதற்குத் தயாராகத்தான் இருந்தார்.

"ஏ தம்பி, நான் இப்பம் பேசுனது தமிழ்லா? தமிழ்ல ஜன்னல்னு கூடத்தான் சொல்லுதோம். அது போர்ச்சுகீசு வார்த்தை. அதுக்காக நம்ம வீட்டுச் செவத்துல போர்ச்சுகீசு வாழுதுன்னு சொல்லுவியா?"

நான் என் மேசைக்குத் திரும்பினேன். மனுஷன் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"கையெழுத்து, மேடம்" என்றார்.

"ஒரு தடவை முழுசாப் படிச்சிருதேன் சார்" என்றார் மேடம். "நேரம் பத்தாதுன்னா ஆறு மாசம் நீட்டிப்புக் கேக்கலாமே?"

"ஃபெயிலான பய மாதிரி கேட்டு நிக்கணுமா? படிங்க மேடம். ஒரு கமா கூடத் தப்பா இருக்காது."

மறுநாள் புதன்கிழமை. மேடம் மேசையில் ஆய்வேடு மூடிக் கிடந்தது. கையெழுத்துப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

"படிச்சீங்களா?"

"படிச்சேன். கமா ஒண்ணும் தப்பில்லை."

"பிறகு?"

மேடம் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"ஒரு ஊர்ல ஒரு அதிகாரி இருந்தாரு சார். சனங்க என்ன சாப்பிடுதாங்கன்னு கணக்கெடுத்துட்டு வரச் சொல்லி ராசா அனுப்புனாரு. வீடு வீடாப் போனா கால் வலிக்கும்லா? அதனால ஹோட்டல் ஹோட்டலாப் போயி வாசல்ல தொங்குத போர்டைப் படிச்சாரு. இட்லி இருந்துச்சு. புரோட்டா இருந்துச்சு. பழைய சோறு ஒரு போர்டுலயும் இல்லை."

"சரி."

"'பழைய சோறு இந்த ஊரை விட்டுப் போயிட்டு'ன்னு எழுதி முத்திரையும் போட்டுட்டாரு."

"சரி."

"வெயில்ல அலைஞ்சதுல நல்ல பசி. வீட்டுக்குப் போயி கையைக் கழுவிட்டு உக்காந்தாரு. பொண்டாட்டி வட்டில்ல கொண்டு வந்து வச்சா."

"என்ன வச்சா?"

"அதையும் நான் சொல்லணுமா சார்?"

மாசானம் சார் வாய்விட்டுச் சிரித்தார். தொடையில் வேறு தட்டிக்கொண்டார்.

"நல்ல கதை மேடம். ஆனா நான் அந்த அதிகாரி இல்லை. ஹோட்டல் போர்டை மட்டும் நான் படிக்கலை. கடிதாசி இருக்கு என் தொகுப்புல. பொம்பளைங்க எழுதுன சமையல் குறிப்பு இருக்கு. திருடன் கோர்ட்டுல சொன்ன வாக்குமூலம் கூட இருக்கு. இங்கிலாந்துல ஒரு அடுப்படி விடாமப் பாத்தாச்சு."

"இங்கிலாந்துல."

"ஆமா."

"தலைப்புல 'ஆங்கிலத்தில்'னு இருக்கே சார்?"

"ஆங்கிலம்னா இங்கிலாந்துதானே மேடம்?"

"அப்பம் நீங்க இத்தனை வருஷமா வகுப்புல பேசுதது?"

"அது..." மாசானம் சார் கொஞ்சம் தேடினார். "அது நாம அவங்களைப் பாத்துப் படிச்சது. நாம பேசுததை எல்லாம் கணக்குல சேக்க முடியுமா? நாம தப்பில்லாமப் பேசணும். அவ்வளவுதான்."

தன் வாயைப் பற்றி ஒரு ஆங்கில வாத்தியாரே இப்படிச் சொல்வதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்குக் கொஞ்சமும் இல்லை. ரயில் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

மேடம் வாதாடவில்லை.

"ஒண்ணு செய்யுங்க. இன்னிக்கும் நாளைக்கும் நீங்க இங்கிலீஷ்ல பேசுததைக் கவனிச்சிட்டு வாங்க. உங்க பட்டியல்ல உள்ள சொல் ஏதாவது ஒண்ணு வாயில வருதான்னு மட்டும் பாருங்க. வரலைன்னா போட்டுருதேன்."

"வெள்ளிக்கிழமை வாரேன். புதுப் பேனாவோட வாரேன்."

மாசானம் சார் படியிறங்கிப் போகும்போது விசிலடித்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். சொன்னபடியே புதுப் பேனா. மை ஊற்றும் பேனா. ஐந்து கையெழுத்தும் ஒரே மையில், ஒரே பேனாவில் விழ வேண்டுமாம். மைப்புட்டி வேறு தனியாக வாங்கி வந்திருந்தார்.

"கவனிச்சீங்களா சார்?"

"காதைத் தீட்டிக்கிட்டுக் கவனிச்சேன். ரெண்டு நாளும் ஸ்கூல்ல இங்கிலீஷைத் தவிர வேற பேசலை. வீட்டுல கூட அப்படித்தான். என் சம்சாரம் காய்ச்சல் அடிக்கான்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தா. ஒரு சொல் வரலை மேடம். ஒண்ணே ஒண்ணு கூட வரலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. வண்ணார்பேட்டை பாலத்தில் போலீஸ் நிற்கிற அன்றைக்கு எல்லார் தலையிலும் ஹெல்மெட் இருக்கும். அதை எண்ணிப் பார்த்தால் திருநெல்வேலிக்காரர்கள் தங்கமான ஆட்கள்.

மேடம் அதெல்லாம் சொல்லவில்லை. சொன்ன சொல் தவறுகிறவர் இல்லை அவர்.

"சரி சார். காப்பியைக் கொண்டு வாங்க. போட்டுருதேன்."

"ஒரு நிமிஷம். பேனாவை நிரப்பிருதேன்."

மாசானம் சார் அவசரப்பட்டார். சந்தோஷம்தான். பேனா நிறைந்ததும் புட்டி சாய்ந்து, உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு எல்லாம் நீலம். இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், வளைகாப்புக்கு வந்தவர் மாதிரி.

அப்போதுதான் புயி மேடம் உள்ளே வந்தார். முழுப்பெயர் லால்ரின்புயி. ஊர் மிசோரம். எங்கள் துறையில் அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தமிழில் 'வணக்கம்', 'போதும்' என்று இரண்டு சொல்தான் தெரியும். இரண்டாவது மெஸ் சாப்பாட்டில் கற்றது. மாசானம் சாரை அவருக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை. ஸ்டேப்லர் கேட்க வந்தவர் அந்த நீலக் கைகளைப் பார்த்துப் பதறிவிட்டார்.

என்ன ஆயிற்று, ஏதாவது உதவி வேண்டுமா என்று இங்கிலீஷில் கேட்டார். ஆய்வேட்டை எடுத்து வர வேண்டும், கையைப் பார்த்தீர்களா, தொட்டால் அட்டை கெட்டுவிடும் என்று மாசானம் சாரும் இங்கிலீஷில் சொன்னார். நான் எழுந்தேன். அதற்குள் புயி மேடம், தானும் கீழேதான் போகிறேன், எடுத்து வருகிறேன் என்று சாவிக்குக் கை நீட்டினார்.

"எங்கே இருக்கிறது சார்?"

"பாக்கெட்ல சாவி இருக்கு, எடுத்துக் குடு தம்பி" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, மாசானம் சார் அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஆல் ஃபைவ் காப்பீஸ் ஆர் இன் த டிக்கி, மேடம்."

"ஓகே சார்."

புயி மேடம் போய்விட்டார். ஏன், என்ன, எது என்று ஒரு கேள்வி இல்லை.

ஹெப்சிபா மேடம் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசானம் சாருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கையை ஒரு பழைய வினாத்தாளில் துடைத்துக்கொண்டே, நேர்முகத்துக்கு எந்தச் சட்டை போடுவது என்று என்னிடம் யோசனை கேட்டார். கட்டம் போட்டது வேண்டாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

கொஞ்ச நேரத்தில் புயி மேடம் ஐந்து காப்பியையும் நெஞ்சோடு அணைத்து, மேல் காப்பியை மோவாயால் அழுத்திப் பிடித்தபடி வந்தார். மேசையில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"சார், யுவர் டிக்கி இஸ் நாட் க்ளோசிங் ப்ராப்பர்லி. ஐ ஹாட் டு பேங் இட்."

"யெஸ் யெஸ் மேடம், தட் டிக்கி இஸ் லைக் தட் ஒன்லி..."

நின்றுவிட்டார்.

வாய் திறந்தபடியே இருந்தது. வினாத்தாள் கையில் இருந்து நழுவியது.

தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று புயி மேடம் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றுமில்லை, ரொம்ப நன்றி என்று ஹெப்சிபா மேடம் ஸ்டேப்லரைக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மாசானம் சார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவங்க ஊர் எங்க இருக்கு மேடம்?"

"ஐஸ்வால். பர்மா பக்கம்."

"தமிழ் தெரியாதுல்லா?"

"தெரியாது."

"தமிழ்நாட்டுக்கு முன்னால வந்திருக்காங்களா?"

"இதுதான் முதல் தடவை."

"அப்பம் அது நம்மகிட்டேருந்து அங்க போகலை."

"போகலை."

"நானும் அவங்ககிட்டத் தமிழ் பேசலை."

"பேசலை சார்."

மாசானம் சார் ஒரு காப்பியை இழுத்து நாலாம் அத்தியாயத்தைத் திறந்தார். அட்டையில் நீலக் கட்டைவிரல் பதிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கோடு தரையைத் தொடுகிற அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழகான கோடு அது. ஒரு பிசிறு இல்லை.

"கோடு பொய் இல்லை மேடம்" என்றார்.

"இல்லை சார். கோடு பொய் சொல்லலை."

"பையங்க நோட்டுல எத்தனை தடவை அடிச்சிருப்பேன். சிவப்பு மையால. 'லண்டன்ல சிரிப்பான்'னு எழுதி."

மேடம் மைப்புட்டியை மூடினார்.

"அன்னிக்கு அவங்க சிரிச்சாங்க. அதுக்குப் பெறகு அவங்களுக்குப் பதிலா நானே சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். முகத்திலும் நீலம் ஏறிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். புதுப் பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார்.

"சார், ரெண்டு நாள் கவனிச்சீங்க. ஒரு சொல் வரலை. வரலைன்னா போடுதேன்னு சொல்லியிருந்தேன். நான் குடுத்த வாக்கு இன்னும் அப்படியேதான் இருக்கு. நேரம் இருக்கு. இப்பம் கிளம்புனா அஞ்சு மணிக்குள்ள போயிரலாம். போடட்டா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மேடம் இப்படி ஒரு கத்தியை எடுத்து அவர் கையிலேயே கொடுப்பார் என்று நினைக்கவே இல்லை. போட்டால் ரசீது. ரசீது இருந்தால் நேர்முகம். தேர்வாளர்கள் நாலாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். கார்பஸ் இங்கிலாந்துடையது, கோடு சரியானது, கமா கூடத் தப்பில்லை. யார் கேட்கப் போகிறார்கள்?

மாசானம் சார் பேனாவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வாசல் பக்கம் பார்த்தார், புயி மேடம் போன பக்கம்.

"வலிக்குது மேடம்" என்றார். "பொய் சொல்ல மாட்டேன். நல்லா வலிக்குது. இனிமே அந்த வேலை எனக்கு இல்லை. நான் சாகுத வரைக்கும் வாத்தியார்தான்."

"ம்."

"ஆனா உயிரோட இருக்குதவனைப் பாடையில ஏத்தி, அவன் எந்திரிச்சு உக்காந்த பெறகும் கொள்ளி வைக்கச் சொல்லுதீங்களா? நம்மால ஆகாது."

கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். மூடியைத் திருகினார். இறுக்கமாகவே திருகினார்.

"அந்த நீட்டிப்பு ஆறு மாசம்தானே?"

"ஆறு மாசம்."

"ஒரு பேப்பர் குடுங்க. இப்பமே எழுதிருதேன். ஃபெயிலான பய மாதிரிதான் எழுதணும், எழுதுதேன். என்ன கெட்டுப்போச்சு இப்பம்?"

எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் விரல் பதிந்தது. மேடம் அதில் கையெழுத்துப் போட்டார். புதுப் பேனாவின் முதல் கையெழுத்து அதில்தான் விழுந்தது.

கடிதத்தைக் கொடுத்ததும் மனுஷனுக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். அறை அவருக்குப் பத்தவில்லை.

"மே மாசம் லீவு இருக்கு மேடம். ரிக்கார்டரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிருவேன். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிச்சு ஐஸ்வால் வரைக்கும் போறேன். கோர்ட்டு வாசல், ஆஸ்பத்திரி வராந்தா, ரயில் பெட்டி, சனங்க பொழங்குத இடம் ஒண்ணு விடமாட்டேன். அவங்க என்ன பேசுதாங்களோ அதையும் தொகுப்பாக்கி இந்தத் தொகுப்புக்குப் பக்கத்துல வைப்பேன். எது போயிட்டு, எது இடம் மாறிக் குடியிருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுதேன். ஏ தம்பி, சித்திரகுப்தன்னு சொன்னீங்கள்லா? சித்திரகுப்தன் ஆளை நேர்ல பாக்காமக் கணக்கை முடிக்க மாட்டான்!"

"டிக்கெட் எடுக்கும்போது எனக்கும் ஒண்ணு சேர்த்து எடுங்க சார்" என்றேன்.

"நீ முதல்ல உன் முதல் அத்தியாயத்தை முடி."

அதுவும் சரிதான்.

நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். மேடம் மேசைக்கு முன்னால் வந்து, வகுப்பில் பையன் நிற்பது போல நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அவர் சந்தேகம் என்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"ஒரு சொல் செத்துட்டுன்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிடுதது?"

மேடம் கிராம்பை மென்றார். மாசானம் சார் காத்திருந்தார். வெளியே மணி அடித்து, பிள்ளைகள் வகுப்பு மாறுகிற சத்தம் வந்து, அடங்கியது. அவர் இன்னும் காத்திருந்தார். பிறகு மேசையில் இருந்த ஐந்து காப்பியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீலக் கைகளால் வாரி அணைத்துக்கொண்டார். அட்டை கெடுவதைப் பற்றி இப்போது அவருக்குக் கவலை இல்லை.

"அதுவரைக்கும் இந்த அஞ்சையும் எங்க வைக்கட்டும் மேடம்?"

"எடுத்த இடத்துலயே வைங்க சார்."